முகத்துவாரம் மூன்று மணித்தியாலம்தான் திறந்திருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இதழில், கஞ்சா கண் அழுத்த நோய்க்கு நல்லது என்று அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. அது என் கண்ணில் பட்டது செட்டிபாளையத்து மேசன் அண்ணன் ஒருவரின் சட்டைப் பையிலிருந்துதான். மூக்குக் கண்ணாடியின் மூக்குப் பட்டை கழன்றுவிட்டதென்று கடைக்கு வந்தவர் பைக்குள் கையை விட, கண்ணாடியோடு நாலாக மடித்த பேப்பர் துண்டும் வெளியே வந்தது. வியர்வையில் ஊறி மடிப்பு கிழியும் நிலையில் இருந்தது. "தம்பி, இது மெய்யா? மெய்யெண்டா நான் ஏன் மாசாமாசம் துளி மருந்துக்குக் கிளினிக்குல போய்க் குந்தவேணும்?" என்று கேட்டார்.

நான் வைத்தியன் அல்ல. களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு கண்ணாடிக் கடை. 31 வருடமாக வில்லை அரைத்துப் பிரேமுக்குள் ஏற்றிக் கொடுக்கிற ஆள். கண் சோதிக்கிறவர் சனிக்கிழமைகளில் மட்டும் வருவார்; மற்ற நாளில் நானும் என் அரைக்கும் மெசினும்தான். ஆனாலும் அந்தத் துண்டை வாசித்து முடித்தபோது, கையில் இருந்த திருகாணியை எங்கே வைத்தேன் என்பது மறந்துபோயிற்று. ஏனென்றால் அதிலிருந்த அதே கதையை 2013இல் என் அத்தான் வாயால் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையால் அவருக்கு என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் கட்டுரையில் பொய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மணிக்கணக்கை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

கஞ்சா கண் அழுத்தத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். 1971இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹெப்ளர், பிராங்க் என்ற இரண்டு பேர், கஞ்சா புகைத்தவர்களின் கண்ணை அளந்து பார்த்து, பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் நன்றாக இறங்கியதை எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் அதைத்தான் சொல்லின. ஆனால் அந்த இறக்கம் நிற்பது மூன்று, மிஞ்சினால் நாலு மணித்தியாலம். காலை ஆறு மணிக்குப் புகைத்தால் பத்து மணிக்கு அழுத்தம் பழைய இடத்துக்கு வந்துவிடும். இரவும் பகலும் இறங்கியே இருக்கவேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஆறு தொடக்கம் எட்டுத் தடவை புகைக்கவேண்டும், நடுச்சாமத்தில் எழும்பியும் புகைக்கவேண்டும். அப்படிப் புகைக்கிற ஆள் வயலுக்கும் போகமுடியாது, சாரத்துக்கும் ஏறமுடியாது. அமெரிக்கக் கண் வைத்தியர்களின் சங்கமே இதனால்தான் கண் அழுத்தத்துக்குக் கஞ்சாவை எழுதிக் கொடுக்கவேண்டாம் என்கிறது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை இப்படிச் சொன்னால் விளங்கும். மாரியில் வாவி பெருகி வயலுக்குள் வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி நாம் எல்லோரும் கத்துவோம். வெட்டினால் தண்ணீர் கடலுக்குப் போகும். கண்ணுக்குள்ளும் அப்படித்தான், ஓயாமல் ஒரு நீர் ஊறிக்கொண்டு இருக்கிறது. வெளியே போக வழியும் இருக்கிறது. அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கண்ணுக்குப் பின்னால் உள்ள நரம்பை நசுக்கும். கஞ்சா வெட்டுகிற முகத்துவாரம் மூன்று மணித்தியாலத்தில் மண் தூர்ந்து மூடிக்கொள்ளும். துளி மருந்து வெட்டுவது நாள் முழுக்கத் திறந்திருக்கும். இன்னொன்றும் உண்டு: கஞ்சா உடம்பின் இரத்த அழுத்தத்தையும் இறக்கும். ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கிற நரம்புக்குப் போகும் இரத்தமும் குறைந்தால் என்னாகும்? வாய்க்கால் வற்றிய வயல்தான்.

சரி, அத்தான் கதைக்கு வருகிறேன். மண்டூர்ப் பக்கத்து விவசாயி அவர். என் அக்காவைக் கட்டி இப்போது நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆள் நல்லவர், வாயைத் திறந்தால் பகிடிதான். இரவில் யானைக் காவலுக்கு வாடியில் படுக்கிற காலத்திலிருந்தே பீடிக்குள் கொஞ்சம் வைத்துச் சுருட்டுகிற பழக்கம் அவருக்கு உண்டு. ஊருக்கே தெரிந்த விசயம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். "இதப் பத்தினா இருட்டுல யானை வாறது நல்லாத் தெரியும் மச்சான்" என்பார். அந்தப் பேச்சைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அதிலும் ஒரு விசயம் இருக்கிறது.

2011இல் வாசிப்புக் கண்ணாடி வேண்டுமென்று என் கடைக்கு வந்தார். கண் சோதித்தவர் அழுத்தம் கூட இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். கிளினிக்கில் அளந்தபோது வலக்கண் 28, இடக்கண் 30. சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்கவேண்டியது. டிமோலோல் துளி, காலையும் மாலையும், ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு துளி. முதல் வருடம் ஒழுங்காக விட்டார். அக்கா ரேடியோவில் செய்தி தொடங்கும் நேரம் பார்த்து ஞாபகப்படுத்துவார்.

2013இல் வாடியில் யாரோ ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்: "அமெரிக்காவுல கண் அழுத்தத்துக்குக் கவர்மென்டே கஞ்சா குடுக்குது." கேலிக் கதை என்று நினைத்து நான் சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தால் அதிலும் உண்மை இருக்கிறது. வொஷிங்டனில் ரொபர்ட் ரன்டால் என்று ஒருவருக்குச் சின்ன வயதிலேயே கடுமையான கண் அழுத்த நோய். வீட்டில் கஞ்சாச் செடி வளர்த்ததற்காகப் பிடிபட்டார். அவருக்கு இது மருத்துவத் தேவை என்று 1976இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிறகு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துத் தோட்டத்தில் விளைந்ததை அரசாங்கமே சுருட்டி அவருக்குக் கொடுத்தது. எல்லாம் மெய். ஆனால் அவர் காலத்தில் வைத்தியர்கள் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் டிமோலோல் துளிக்கு அனுமதி கிடைத்தது 1978இல். இரவில் ஒரே ஒரு துளி போதும் என்கிற லட்டனோபுரொஸ்ட் வந்தது 1996இல். நீந்தத் தெரியாதவன் வாழைத்தண்டைப் பிடித்துக் கரை சேர்ந்த கதை அது. இப்போது பாலம் கட்டியாயிற்று, இன்னும் வாழைத்தண்டைத் தேடுவானேன்?

அத்தான் தேடினார். எங்களுக்குச் சொல்லாமலே துளி விடுவதை நிறுத்திவிட்டார்.

இனி நடந்ததுதான், ஆசிரியர் ஐயா, எந்த மருத்துவப் பக்கத்திலும் நான் வாசிக்காத விசயம். கிளினிக் நாளில் அவர் விடியப்புறம் எழும்புவார். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (வெளியூர் வாசகருக்காக: நாங்கள் பாதை என்பது வாவியைக் கடக்கிற மிதவைப் படகை) வரவேண்டும். பாதை மண்டூர்க் கரைக்கு வரும் வரைக்கும் நிற்கிற நேரத்தில், கரையோரம் ஒதுங்கி ஒரு பீடி. பிறகு இக்கரைக்கு வந்து நான் வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளில் ஏறி இருவரும் கிளினிக்குக்குப் போவோம். எட்டரை, ஒன்பது மணிக்குக் கண்ணுக்கு மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுவந்து அளப்பார்கள். 16. அடுத்த தடவை 17. "மருந்து நல்லா வேலை செய்யுது, தொடர்ந்து விடுங்க" என்று அட்டையில் எழுதி, இன்னும் இரண்டு போத்தல் தருவார்கள். அத்தான் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார். துளி விடுகிறவர் என்ற பெருமையில் சிமிட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அளக்கிற நேரத்தில் அழுத்தம் இறங்கித்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் பாதையில் கால் வைக்கும்போது ஏறத் தொடங்கியிருக்கும். வைத்தியரில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை; இலக்கம் நல்லதாக இருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அத்தான் வேண்டுமென்று ஏமாற்றினார் என்றும் சொல்லமாட்டேன். 16 என்று கேட்கக் கேட்க, பீடிதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று அவரும் மெய்யாகவே நம்பிவிட்டார். மூன்று வருடம் இப்படிப் போனது.

2016 ஆவணியில் மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குச் சைக்கிளில் போனவர் ஒரு மாட்டில் மோதி விழுந்தார். முழங்கையில் எட்டுத் தையல். "மாடு எங்கயிருந்தோ வந்து குறுக்க நிண்டுட்டு மச்சான்" என்றார். கூட வந்த பொடியன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, மாடு அங்க முந்தியே நிண்டது. நாங்க எல்லாரும் கண்ட நாங்க" என்றான். கண் அழுத்த நோய் அப்படித்தான் தின்னும். நடுப்பார்வையை விட்டுவைத்து ஓரத்தைக் கொறிக்கும். கறுப்பாக ஒன்றும் தெரியாது, மூளை அந்த இடத்தைப் பக்கத்துக் காட்சியை வைத்து நிரப்பிவிடும். ரோட்டு தெரியும், பற்றை தெரியும், மாடு மட்டும் இருக்காது.

அன்று இரவு அக்கா அலுமாரியைத் திறந்தார். சாமிப் படத்துக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டின்னுக்குள், துளி மருந்துப் போத்தல்கள். எண்ணிப் பார்த்தேன், 19. ஒன்றின் மூடியிலாவது வளையம் உடைந்திருக்கவில்லை. பலதின் திகதியும் போய்விட்டிருந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் அவற்றை மேசையில் வரிசையாக நிறுத்திக்கொண்டே போனார், அத்தான் தையல் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பகிடி விடாத ஒரே இரவு அதுதான்.

பிறகு எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. பீடி தொடாமல் ஒரு பின்னேரம் வரச் சொல்லி அளந்தார்: வலம் 31, இடம் 34. பார்வைப் பரப்புச் சோதனைக்கும் அனுப்பினார். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பொத்தானை அமத்தவேண்டும். நான் பக்கத்தில் நின்றேன். பொட்டு வருவது இயந்திரத்தின் சத்தத்தில் எனக்குத் தெரிகிறது, அத்தானின் பெருவிரல் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, விரல் அப்படியே இருந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோதனை முடிந்ததும், "லேசான சோதினதான், வெளிச்சம் குறைவாத்தான் காட்டினாங்க" என்றார். அச்சடித்து வந்த தாளில் இடக்கண்ணின் மேல்பாதி கறுப்பு. போன பார்வை திரும்பாது, மிச்சத்தை வைத்திருக்கலாம் என்றார் வைத்தியர். இப்போது இரவில் ஒரு துளி லட்டனோபுரொஸ்ட்டும் பகலில் டிமோலோலும். மிச்சம் இருக்கிறது. பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். சைக்கிள் ஓடுவதில்லை.

இதைத்தான் மேசன் அண்ணனுக்கும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்: கஞ்சா பாவிக்கிற ஒருவர் கிளினிக்குக்குப் போனால், கடைசியாக எத்தனை மணிக்குப் புகைத்தார் என்பதை வைத்தியரிடம் சொல்லவேண்டும். வெட்கத்தையும் பொலிஸ் பயத்தையும் அந்தக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுப் போகட்டும். சொல்லாவிட்டால் அந்த நீல வெளிச்சம் அளப்பது நோயை அல்ல, பீடியைத்தான்.

இனி இருட்டில் யானை தெரியும் என்ற பேச்சு. அதை நான் அடியோடு மறுக்கமாட்டேன். வாவியில் இரவு வலை போடுகிற சிலரும் இதையே சொல்கிறார்கள். ஜமெய்க்கா மீனவர்களும் இப்படிச் சொல்வதாக 1991இல் நேச்சர் என்ற விஞ்ஞான இதழில் வெஸ்ட் என்பவர் எழுதினார். மொரோக்கோவின் ரிஃப் மலைக்காரர்களிடம் 2004இல் மிகச் சில பேரை வைத்து அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன் கொஞ்சம் கூடியது போலத் தெரிந்தது. தவளைக் குஞ்சுகளின் விழித்திரையில்கூட அப்படி ஒன்றைக் கண்டார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் மங்கலான ஒன்று தெரிவது வேறு, அது எத்தனை முழத் தூரத்தில் நிற்கிறது என்று தெரிவது வேறு. யானை விசயத்தில் இரண்டாவதுதான் உயிர்.

இது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். நான் யோக்கியன் என்று காட்ட இந்தக் கடிதம் எழுதவில்லை. 1982இல், பதினெட்டு வயதில், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனேன். உகந்தையைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியபின் ஒரு சாமியார் சிவமூலி என்று சொல்லி நீட்டினார், வாங்கி இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் அரிக்கன் லாம்பைச் சுற்றி வட்டம் வட்டமாக நிறம். மறுகா குமுக்கன் ஆறு வந்தது. கோடையில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான், எனக்கு முன்னால் கிழவிகள் சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிறார்கள். எனக்கோ கரை கிணற்றுக் கட்டு மாதிரி, தண்ணீர் எங்கோ அடியில். காலை வைக்கிறேன், எட்டவில்லை என்று எடுக்கிறேன். திரும்பவும் வைக்கிறேன். பின்னால் வந்த கூட்டம் முழுக்க எனக்காக நின்றது. கடைசியில் அந்தச் சாமியாரே கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பழகிய கட்டை.

ஸ்பெயினில் கிரனடா பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் வாசித்தேன். இடையிடையே கஞ்சா புகைக்கும் 31 பேரைப் புகைக்காத நாளிலும் புகைத்த பின்னும் சோதித்திருக்கிறார்கள். கூர்மை, மங்கலான வேறுபாடுகளைப் பிரித்துப் பார்ப்பது, கிட்டத் தூரத்துக்குப் பார்வையை மாற்றிப் பிடிப்பது, ஆழம் பார்ப்பது எல்லாமே இறங்கியிருந்தன. எதிர்வெளிச்சத்தின் கூச்சமும் கூடியிருந்தது. இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று. அவர்களையே கேட்டபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேர் பார்வையில் ஒரு மாற்றமும் இல்லை என்றார்கள். மிச்சப் பேரில் பெரும்பாலானோர் கொஞ்சம்தான் குறைந்தது என்றார்கள். பொத்தானை அமத்தாமலே லேசான சோதினை என்று சொன்ன அத்தானைத்தான் நினைத்தேன்.

பிரான்சின் நான்சி நகரத்தில் செய்த ஆய்வு ஒன்றும் 2016 கடைசியில் வந்தது. வழமையாகப் பாவிக்கும் 28 பேரையும் பாவிக்காத 24 பேரையும் ஒப்பிட்டார்கள். விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கிளம்புவது பாவிப்பவர்களுக்கு ஏறக்குறைய 10 மில்லிசெக்கன் பிந்தியது. செக்கனில் நூறில் ஒரு பங்கு. எழுத்துப் பலகை வாசிக்கும்போது அது தெரியாது. சின்ன ஆய்வுதான், இதை வைத்து ஒருவரையும் பயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் போதை இறங்கினால் கண்ணும் பழையபடி ஆகிவிடும் என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் இதையும் ஒரு பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

என் கடைக்கு வருகிற இளம் பொடியன்களின் கண்ணைப் பார்த்தாலே எனக்கு விளங்கிவிடும். வெண்விழியில் இரத்தக் குழாய்கள் விரிந்து சிவந்திருக்கும். அந்தச் சிவப்பை மறைக்கப் பாமசியில் ஒரு துளி வாங்குவார்கள், அது அடிக்கடி விட்டால் பிறகு விடாத நேரத்திலும் சிவக்கும். அதற்கும் மேலே கறுப்புக் கண்ணாடி. போன வருடம் ஒருவன் இரவில் போட ஆகக் கறுப்பானது ஒன்று வேண்டுமென்றான். "எங்க தம்பி போறாய்?" "கல்முனைக்கு, பைக்குல." ரோட்டில் படுத்துக் கிடக்கும் மாடு, லைட் இல்லாத உழவு இயந்திரம், எதிரே பஸ்ஸின் ஹெட்லைட், இத்தனைக்கும் நடுவில் கறுப்புக் கண்ணாடி. விற்கவில்லை. அடுத்த கடையில் வாங்கியிருப்பான். இன்னொருவன் அரைத்துக் கொடுத்த வில்லையை இரண்டு தரம் திருப்பிக் கொண்டுவந்தான். சோதிக்கும்போது ஒரு இலக்கம், வீட்டுக்குப் போனால் வேறு இலக்கம். என் மெசினில்தான் பிழை என்று நான் ஒரு பகல் முழுக்கக் கழற்றிப் பூட்டினேன். மூன்றாம் தரம் கண் சோதிப்பவர் மெல்லக் கேட்டார், அவன் தலையைக் குனிந்தான். ஒரு கிழமை தொடாமல் வா என்றார். வந்தான், இலக்கம் நின்றது, வில்லையும் பொருந்தியது.

வெளிநாட்டு எண்ணெயைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சுவிஸிலும் கனடாவிலும் உள்ள பிள்ளைகள் சின்னப் போத்தலில் சீபீடி எண்ணெய் என்று அனுப்புகிறார்கள். போதை இல்லாதது, கஞ்சாவின் நல்ல பகுதி மட்டும் என்பார்கள். கண் அழுத்தம் இருப்பவர் அதைத் தொடமுன் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசிக்கவேண்டும். அழுத்தத்தை இறக்குவது போதை தருகிற பகுதிதான். மற்றது ஏற்றக்கூடும். 2018இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் எலிகளின் கண்ணில் விட்டுப் பார்த்தபோது அழுத்தம் 18 வீதம் கூடி, குறைந்தது நாலு மணித்தியாலம் நின்றது. மனிதரில் 2006இல் நாக்குக்கடியில் கொடுத்துச் செய்த சின்னச் சோதனையிலும் கூடிய அளவு கொடுத்தபோது கொஞ்ச நேரம் ஏறியது. கல்லாற்று ஆசிரியை ஒருவர் இடுப்பு வலிக்கு அதை நக்கிக்கொண்டே கண்ணுக்குத் துளியும் விட்டுக்கொண்டிருந்தார். மகள் அன்பாக அனுப்பியது, எறியவும் மனமில்லை. கிளினிக் அட்டையோடு போத்தலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள் டீச்சர் என்று அனுப்பினேன்.

என்னை யாரும் சட்டம் பேசுகிற ஆளாக எடுக்கவேண்டாம். 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கஞ்சாவைத் தடுக்கிறது. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிந்த வைத்தியர்கள் மருந்துக்குச் சேர்க்க இடமிருக்கிறது. எங்கள் பரியாரிமார் லேகியத்துக்கு அளந்து போட்ட சரக்குத்தான் அது. ஏற்றுமதிக்குப் பயிரிடலாமா என்று நாடாளுமன்றத்திலும் பேசினார்கள். அதெல்லாம் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். பரியாரியிடமும் நான் கேட்டேன். கண் அழுத்தத்துக்கு இதைப் பத்தச் சொல்லி எந்த ஏட்டிலும் தான் படிக்கவில்லை என்றார். மொனராகலை, அம்பாறைச் சேனைகளில் அதிரடிப்படை பிடுங்கி எரிக்கிற செடியிலும், கடல் வழியாக வருகிற கேரளப் பொட்டலத்திலும் எவ்வளவு வீரியம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? துளி மருந்துப் போத்தலில் வீதம் அச்சடித்திருக்கிறது.

அத்தானின் மூத்த மகனுக்கு இப்போது 38 வயது. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புக் கூட என்பதால் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சோதித்தோம். வலம் 22, இடம் 23. நரம்பு இன்னும் நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். பின்னேரத்தில்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். காரணத்தை அவனிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இத்தனையையும் மேசன் அண்ணனுக்கு ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்துச் சொன்னேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன், அத்தானின் கறுப்புத் தாளின் பிரதியையும் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பேப்பர் துண்டைத் திரும்பவும் நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா இது பேப்பர்ல வந்ததெல்லோ. நீ சொல்றதும் பேப்பர்ல வரட்டும், பாப்பம்." அதுவரைக்கும் துளியை நிறுத்தமாட்டேன் என்று மட்டும் வாக்குத் தந்திருக்கிறார். அவர் பேப்பர் வாங்குவது ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். ஆகவே தயவுசெய்து இதை வார நாளில் போட்டுவிடாதீர்கள். இடம் போதாவிட்டால் ரன்டாலையும் தவளைக் குஞ்சையும் வெட்டுங்கள், மணிக்கணக்கை வெட்டவேண்டாம்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரன்,
களுவாஞ்சிகுடி.

(பெயரைப் போடவேண்டாம். ஊர் சின்னது, அத்தானும் பேப்பர் வாசிப்பார். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் அவருக்கு வசதி.)